பிறப்பதற்கு முன் கணையத்தில் வந்துபோகும் செல்கள்

பள்ளிக்கூடத்தில் கணையத்தைப் பற்றிப் படித்தது பலருக்கும் நினைவிருக்கும். லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று சின்னச் சின்னக் கூட்டங்கள். அவற்றில் ஆல்ஃபா செல் குளுக்ககானைச் சுரக்கும், பீட்டா செல் இன்சுலினைச் சுரக்கும். ஒன்று இரத்தச் சர்க்கரையை ஏற்றும், மற்றது இறக்கும். ஆளுக்கு ஒரு வேலை. பரீட்சைக்கு அது போதும்.

இப்போது ஒரு நுண்ணோக்கிப் படத்தை மனதில் கொண்டுவாருங்கள். கருவில் வளரும் மனிதக் கணையத்தை மெல்லிசாகச் சீவி எடுத்த துண்டு அது. இன்சுலின் உள்ள இடம் பச்சையாகவும் குளுக்ககான் உள்ள இடம் சிவப்பாகவும் ஒளிரும்படி சாயம் ஏற்றியிருக்கிறார்கள். இருட்டுக்குள் பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன, சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன. இடையிடையே சில செல்கள் மட்டும் இரண்டும் இல்லாமல் மஞ்சளாகத் தெரிகின்றன. பச்சை ஒளியும் சிவப்பு ஒளியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் கண்ணுக்கு மஞ்சள்தான். அப்படியானால் அந்த ஒரே செல்லுக்குள் இன்சுலினும் இருக்கிறது, குளுக்ககானும் இருக்கிறது.

வளர்ந்த, ஆரோக்கியமான கணையத்தில் இந்த மஞ்சள் செல்லைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கணையம் உருவாகும் கதை முழுவதும் வந்துவிடும். சர்க்கரை நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று செய்திகளில் அடிபடுகிறதே, அதுவும் இதே கதையில்தான் வருகிறது.

முதலில் உறுப்பைச் சரியாகப் பார்த்துவிடுவோம். கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது. தலைப்பகுதி முன்சிறுகுடலின் வளைவுக்குள் இருக்கும், வால் மண்ணீரலைத் தொடும். கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் ஆட்டின் மண்ணீரல். கணையத்தின் பெரும்பகுதி, சோற்றையும் கொழுப்பையும் கறியையும் செரிக்க வைக்கும் நொதிகளைச் சுரந்து குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்பும் வேலையைச் செய்கிறது. ஹார்மோன் சுரக்கும் திட்டுகள் எடையில் 1 அல்லது 2 சதவீதம்தான். எண்ணிக்கையில் சுமார் பத்து லட்சம் இருக்கும். 1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர் தன் ஆய்வேட்டில் இவற்றை முதன்முதலாக விவரித்தார். இவை என்ன செய்கின்றன என்பது அப்போது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதை அவரே வெளிப்படையாக எழுதினார். அந்தத் திட்டுகளுக்கு அவர் பெயரை வைத்தவர் பிரான்சு நாட்டின் எட்வார் லாகெஸ், 1893இல்.

நொதி சுரக்கும் செல், குழாயின் சுவராக இருக்கும் செல், ஹார்மோன் சுரக்கும் செல் எல்லாமே ஒரு சின்னக் குழுவிலிருந்து வந்தவை. அந்தக் குழு எப்படி உண்டாகிறது என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம்.

கரு உண்டாகி நான்காவது வாரம். மொத்த உடலும் ஒரு அரிசி நீளம்கூட இருக்காது. குடல் அப்போது வெறும் குழாய். அதன் சுவரில், பிற்பாடு முன்சிறுகுடல் ஆகப்போகும் இடத்தில், ஏறக்குறைய 26ஆம் நாளில் முதுகுப் பக்கமாக ஒரு மொட்டு எழும்புகிறது. கொஞ்சம் பொறுத்து வயிற்றுப் பக்கமாக இன்னொன்று. கணையம் ஒரே உறுப்பாகத் தெரிந்தாலும் இப்படி இரண்டு மொட்டுகளாகத்தான் தொடங்குகிறது. குடல் திரும்பும்போது வயிற்றுப்பக்க மொட்டு சுற்றிவந்து முதுகுப்பக்க மொட்டின் கீழே ஒட்டிக்கொள்கிறது. ஆறு ஏழு வாரத்துக்குள் இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டின் குழாய்களும் சரியாக இணையாமல் பிறப்பவர்கள் ஏராளம், பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. அபூர்வமாக, வயிற்றுப்பக்க மொட்டு குடலைச் சுற்றி வளையமாகிக் குடலை நெரித்துவிடும்.

இந்த இரட்டைப் பிறப்பின் அடையாளம் வளர்ந்த கணையத்திலும் இருக்கிறது. பிபி செல் என்று ஒருவகை உண்டு, கணையப் பாலிபெப்டைடு என்ற ஹார்மோனைச் சுரப்பது. கணையத் தலையின் அடிப்பகுதித் திட்டுகளில் இவை நிறைய இருக்கும், வால் பக்கம் மிகக் குறைவு. அந்த அடிப்பகுதி வயிற்றுப்பக்க மொட்டிலிருந்து வந்தது என்பதுதான் காரணம்.

சரி, குடல்குழாய் முழுக்க ஒரே மாதிரிச் செல்கள் இருக்கும்போது அந்த இடத்தில் மட்டும் ஏன் கணையம் முளைக்கிறது? அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முதுகுப்பக்கத்தில் குடலைத் தொட்டுக்கொண்டு முதுகுநாண் ஓடுகிறது. முதுகுத்தண்டு வருவதற்கு முன்பே கருவில் நீளவாக்கில் இருக்கும் மெல்லிய தண்டு அது. குடல் செல்கள் வழக்கமாக சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் புரதத்தைச் செய்யும். அந்தச் சமிக்ஞை இருக்கும்வரை அங்கே கணையம் வராது. முதுகுநாண் தொடும் இடத்தில் மட்டும் அது அணைந்துவிடுகிறது, கணையத்துக்கு வழி திறக்கிறது. அப்புறம் முதுகுநாண் விலகி, நடுவில் பெருந்தமனி வந்து சேர்கிறது. இரத்தக்குழாயின் சுவர்ச் செல்கள் அடுத்த சமிக்ஞையைத் தருகின்றன. பிற்காலத்தில் இரத்தத்தின் சர்க்கரையை அளந்து அளந்து இன்சுலின் விடப்போகிற செல்களுக்கு, பிறக்கும்போதே இரத்தக்குழாயின் துணை வேண்டியிருக்கிறது.

வயிற்றுப்பக்கத்தில் நடப்பது வேறு. அங்கே பக்கத்தில் இருப்பது வளரும் இதயம். இதயத் திசு அனுப்பும் வளர்ச்சிக் காரணி வந்து சேரும் செல்கள் கல்லீரல் ஆகின்றன. அது எட்டாத தூரத்தில் உள்ளவை கணையம் ஆகின்றன. எலிக் கருவிலிருந்து அந்தத் துண்டை இதயத் திசு இல்லாமல் தனியே எடுத்து வளர்த்தபோது, கல்லீரல் ஆகவேண்டிய செல்களே கணையத்தின் வழியில் போயின. அவ்வளவு நெருங்கிய சொந்தம் கணையமும் கல்லீரலும்.

வெளியிலிருந்து வரும் இந்தச் சமிக்ஞைகள் செல்லுக்குள் சில மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. முதலில் வருவது பிடிஎக்ஸ்1. இது இல்லாத சுண்டெலிக்கு மொட்டு லேசாக எழும்பி அதோடு நின்றுவிடும், கணையம் இருக்காது. மனிதரிலும் அப்படித்தான். இந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதான ஒரு குழந்தை கணையமே இல்லாமல் பிறந்ததை 1997இல் விவரித்தார்கள். பிடிஎஃப்1ஏ என்று இன்னொன்று. அது இல்லாவிட்டால் கணையம் ஆகவேண்டிய செல்கள் குடல் செல்களாகிவிடும்.

ஆனால் சுண்டெலியில் கண்டதெல்லாம் நமக்குப் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. காட்டா6 என்ற மரபணுவைக் கணையத்தில் மட்டும் நீக்கினாலும் சுண்டெலிக்குப் பெரிய குறை வருவதில்லை. மனிதக் குழந்தைகளிலோ, கணையம் இல்லாமல் பிறந்தவர்களை 2012இல் ஆராய்ந்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இதே மரபணுவின் ஒரேயொரு பிரதிதான் பழுதாகியிருந்தது.

மொட்டில் இருக்கும் இந்த ஆரம்பச் செல்களை முன்னோடிச் செல்கள் என்று சொல்வோம். ஸ்டெம் செல் என்றால் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு, வேண்டும்போது வேறு வகைச் செல்களையும் தந்துகொண்டே இருப்பது. முன்னோடிச் செல் அப்படிக் காலமெல்லாம் இருப்பதில்லை. சில நாள் பெருகும், பிறகு முழுவதும் பிரிந்து வெவ்வேறு வேலைகளுக்குப் போய்த் தீர்ந்துவிடும். 2007இல் சுண்டெலிக் கருவில் இந்த முன்னோடிகளில் ஒரு பகுதியை வேண்டுமென்றே கொன்றுபார்த்தார்கள். எத்தனை முன்னோடிகள் மிஞ்சினவோ அதற்கேற்ற சிறிய கணையமே வந்தது, இழந்ததைப் பிறகு ஈடுகட்ட அதனால் முடியவில்லை. கல்லீரலில் அதையே செய்தபோது அது மீண்டும் முழு அளவுக்கு வளர்ந்துவிட்டது. நெருங்கிய சொந்தம்தான், ஆனால் குணம் இப்படி வேறு.

மொட்டு கிளைவிட்டு மரம்போல் வளரும்போது, கிளைகளின் நுனியில் உள்ள செல்கள் நொதி சுரப்பவையாகின்றன. தண்டுப் பகுதியில் உள்ளவை குழாயாகவோ ஹார்மோன் செல்லாகவோ ஆகின்றன. தண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் நியூரோஜெனின்3 என்ற மரபணுவை முடுக்குகின்றன. அப்படி முடுக்கிய செல், ஒட்டியிருக்கும் செல்லுக்கு ‘நீ முடுக்காதே’ என்று சமிக்ஞை கொடுக்கும். அதனால் எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் ஹார்மோன் செல்லாகிவிடாமல், பக்கத்தில் உள்ளவை குழாயாகவே இருந்து இன்னும் பெருக முடிகிறது. நியூரோஜெனின்3 இல்லாத சுண்டெலிகளுக்குத் திட்டுகளே உண்டாவதில்லை. பிறந்த மூன்று நாளுக்குள் சர்க்கரை நோயால் இறந்துவிடுகின்றன.

இந்த மரபணுவின் பெயரிலேயே நரம்பு இருக்கிறது, கவனித்தீர்களா? அதன் குடும்ப மரபணுக்கள் நரம்புச் செல்களை உருவாக்குபவை. பீட்டா செல்லும் பல விதங்களில் நரம்புச் செல்லைப் போன்றது. சர்க்கரை ஏறினால் அதன் சவ்வில் மின்துடிப்பு எழும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் நிரம்பிய பைகள் வெளியே திறக்கும். நரம்பு முனையில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. அதனால்தான் லண்டனைச் சேர்ந்த அந்தோனி பியர்ஸ் 1960களில், ஹார்மோன் சுரக்கும் இந்தச் செல்கள் எல்லாம் நரம்பு முகட்டிலிருந்து வந்தவை என்று கருதினார். நரம்பு முகடு என்பது கருவின் முதுகில் தோன்றி உடலெங்கும் ஊர்ந்து பரவும் செல்கூட்டம். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒன்று போலிருப்பவை ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லையே!

இதைச் சோதிக்க வந்து நின்றது காடை. பிரான்சின் நிக்கோல் லெ துவாரின் 1969இல் ஒன்றைக் கவனித்திருந்தார். டிஎன்ஏவைக் கருஞ்சிவப்பாகக் காட்டும் ஃபொய்ல்கன் சாயத்தை ஏற்றினால், கோழிச் செல்லின் உட்கருவில் நிறம் மெல்லிதாகப் பரவித் தெரியும். காடைச் செல்லின் உட்கருவிலோ நடுவில் அடர்ந்த ஒரு பொட்டு விழும். எத்தனை தடவை அந்தச் செல் பிரிந்தாலும் ஒவ்வொரு வாரிசுக்கும் அந்தப் பொட்டு உண்டு. கோழி முட்டைக்குள் இருக்கும் கருவில் நரம்பு முகட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் காடையின் நரம்பு முகட்டை வைத்தால், பிறகு எந்த உறுப்பில் பொட்டு வைத்த செல் தென்பட்டாலும் அது நரம்பு முகட்டின் வாரிசு என்று அடித்துச் சொல்லிவிடலாம்.

1970களில் கணையத்தை இப்படிப் பார்த்தபோது, உள்ளே போகும் நரம்புகளிலும் நரம்பு முடிச்சுகளிலும் காடைப் பொட்டு இருந்தது. திட்டுகளில் இல்லை. திட்டின் செல்கள் கோழியுடையவை. 1976இல் ரேமண்ட் பிக்டே, வில்லியம் ரட்டர் குழுவினர் எலிக் கருவின் வெளி அடுக்கையே, அதாவது நரம்பு முகடு உண்டாகும் அடுக்கையே, நீக்கிவிட்டு மீதியை வளர்த்தார்கள். நரம்பு வருவதற்கு வழியே இல்லை, ஆனாலும் இன்சுலின் செல் வந்தது. பீட்டா செல் குடல்சுவரின் பிள்ளைதான் என்பது இப்படித் தெளிவாயிற்று.

இனி மஞ்சள் செல்லுக்கு வருவோம். மனிதக் கருவில் இன்சுலின் செல்கள் ஏறக்குறைய எட்டாவது வாரத்தில் தலைகாட்டுகின்றன. அவற்றின் ஊடே, இன்சுலினையும் குளுக்ககானையும் சேர்த்து வைத்திருக்கும் செல்களும் வருகின்றன. ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் பொதுவான தாய்ச்செல் இதுவாக இருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி நினைத்தவர்கள் உண்டு. ஆனால் இவற்றுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு மரபணுக்களைப் பார்த்தால் ஆல்ஃபா செல்லின் சாயல் தூக்கலாக இருக்கிறது. பீட்டா செல்லுக்கு அவசியமான சில மரபணுக்கள் இல்லை. இன்சுலின் கையில் இருந்தாலும் இவை பெரும்பாலும் ஆல்ஃபாவாகப் போகிறவை. சுரக்கும் பொருளை மட்டும் பார்த்து ஒரு செல்லுக்குப் பெயர் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மஞ்சள் செல்லைப் போல வந்துபோகும் இன்னொரு விருந்தாளி எப்சிலான் செல். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999இல் ஜப்பானைச் சேர்ந்த கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையில் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச காலத்திலேயே கணையத் திட்டிலும் கிரெலின் செய்யும் செல்கள் இருப்பது தெரிந்தது. இவைதான் எப்சிலான் செல்கள். கருவிலும் பச்சைக்குழந்தையிலும் திட்டுச் செல்களில் 10 சதவீதம் வரைகூட இவை இருக்கும். வளர்ந்தவரிடம் 1 சதவீதம் இருந்தால் அதிகம்.

இதில் ஒரு பழைய முடிச்சும் அவிழ்ந்தது. என்கேஎக்ஸ்2.2 என்ற மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் பீட்டா செல் ஒன்றுகூட வருவதில்லை என்று 1998இல் தெரிந்திருந்தது. ஆனால் திட்டு காலியாகவும் இல்லை. ஏதோ செல்கள் நிறைந்திருந்தன, அப்போது தெரிந்த எந்த ஹார்மோனும் அவற்றில் இல்லை. பெயரில்லாத செல்களாக ஆறு வருடம் கிடந்தன. 2004இல் கிரெலினுக்கான சாயத்தை ஏற்றிப் பார்த்தால், அத்தனையும் எப்சிலான் செல்கள்! பீட்டாவாக வேண்டிய செல்லுக்கு அந்த வழி அடைபட்டால் அது சும்மா நின்றுவிடுவதில்லை, இன்னொரு வழியில் போய்விடுகிறது. இயல்பான சுண்டெலியிலும் எப்சிலான் செல்களுக்கு வாழ்நாள் முழுவதும் மாறாத அடையாளம் இட்டுப் பின்தொடர்ந்தபோது, அவற்றில் பல பிற்பாடு ஆல்ஃபா செல்லாகவும் பிபி செல்லாகவும் மாறியிருந்தன. வளர்ந்தவரிடம் இவை ஏன் குறைவு என்ற கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

வளர்ந்த கணையத்தில் ஸ்டெம் செல் எங்காவது ஒளிந்திருக்கிறதா? சர்க்கரை நோய் உள்ள வீட்டில் எல்லாரும் கேட்க நினைக்கும் கேள்வி இது. அப்படி ஒன்று இருந்தால் தட்டி எழுப்பிப் புது பீட்டா செல் செய்யச் சொல்லலாமே.

டக்ளஸ் மெல்டன் தவளைக் கரு ஆராய்ச்சியில் இருந்தவர். கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியே பீட்டா செல்களை அழித்துவிடும் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தபிறகு ஆய்வைக் கணையத்துக்குத் திருப்பினார். 2004இல் அவருடைய ஹார்வர்டு ஆய்வகத்தில் யுவால் டோர் செய்த சோதனை மிக எளிமையான யோசனை. ஓட்டுப்போட்டால் விரலில் வைக்கும் மையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மை அழியாது, பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் பரம்பரையாக வரும். வளர்ந்த சுண்டெலியின் பீட்டா செல்களில் ஒரு பங்குக்கு அப்படி மரபணு மை வைத்தார்கள். பல மாதம் காத்திருந்தார்கள். இதற்கிடையில் பிறக்கும் புது பீட்டா செல்கள் மை இல்லாத ஸ்டெம் செல்லிலிருந்து வந்தால், மை உள்ளவற்றின் விகிதம் குறைய வேண்டும். பீட்டா செல்லே இரண்டாகப் பிரிந்து பெருகினால் விகிதம் மாறாது. விகிதம் மாறவில்லை. கணையத்தின் பெரும்பகுதியை வெட்டி எடுத்த பிறகும் மாறவில்லை.

அதன்பிறகும் வெவ்வேறு ஆய்வகங்கள் கணையத்தில் ஸ்டெம் செல்லைக் கண்டதாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. அவை தொடர்பான விவாதமும் ஓயவில்லை. இந்தத் துறையில் எச்சரிக்கை தேவை என்பதற்கு ஒரு சம்பவம் போதும். கருவின் ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் செல் செய்துவிட்டதாக 2001இல் பெரிய செய்தி வந்தது. சாயம் ஏற்றினால் இன்சுலின் இருப்பது தெரிந்தது உண்மைதான். 2003இல் வேறு குழுவினர் அந்த வழிமுறைப்படி செய்து பார்த்தபோது, செல்லுக்குள் இன்சுலின் செய்வதற்கான ஆர்என்ஏ, அதாவது மரபணுவிலிருந்து எடுத்த செயல்நகல், கிட்டத்தட்ட இல்லவே இல்லை. செல்களை வளர்க்க ஊற்றிய ஊட்டத் திரவத்தில் இன்சுலின் சேர்த்திருந்தார்கள். செல்கள் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டிருந்தன.

ஆனால் நம்பிக்கை தரும் ஒன்று வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஜெனீவாவில் பெட்ரோ ஹெரேராவின் குழு சுண்டெலியின் பீட்டா செல்களை ஏறக்குறைய மொத்தமாக அழித்தது. இன்சுலின் கொடுத்து எலிகளை உயிரோடு வைத்திருந்து பார்த்தபோது, சில ஆல்ஃபா செல்கள் தாமாகவே இன்சுலின் செய்யத் தொடங்கியிருந்தன. 2010இல் வெளிவந்த அந்த ஆய்வுப் படங்களில் மறுபடியும் அந்த மஞ்சள் செல். இந்தத் தடவை கருவில் இல்லை, வளர்ந்த எலியில். குளுக்ககான் செய்துகொண்டிருந்த செல், இன்சுலினும் செய்யும் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. குட்டிப் பருவத்தில் பீட்டாவை அழித்தால் திட்டின் இன்னொரு வகையான டெல்டா செல்கள் அந்த வேலையை ஏற்கின்றன என்பதையும் அதே குழு 2014இல் காட்டியது. மூடிவிட்டது என்று நினைத்த கதவுகள் தாழிடாமல் சும்மா சாத்தியிருந்தவைதான்.

ஆய்வகத் தட்டில் ஸ்டெம் செல்லிலிருந்து பீட்டா செல் செய்பவர்கள், கரு நடக்கும் அதே பாதையில் செல்லை நடத்திக்கொண்டு போகிறார்கள். முதலில் குடல்சுவர், பிறகு பிடிஎக்ஸ்1 வந்த மொட்டு, பிறகு நியூரோஜெனின்3. முதுகுநாணும் பெருந்தமனியும் தரும் சமிக்ஞைகளுக்குப் பதிலாக மருந்துகளை அளந்து, நாள் கணக்குப் பார்த்து ஊற்றுகிறார்கள். 2006இல் இப்படி முதன்முதலாக நல்ல அளவில் இன்சுலின் செல்கள் வந்தன. ஆனால் அவற்றில் பல, ஒரே செல்லில் இரண்டு மூன்று ஹார்மோன் வைத்திருக்கும் செல்கள். சர்க்கரைக்கு ஏற்ப இன்சுலின் விடத் தெரியாதவை. எலிக்குள் பொருத்தினால் அவை ஆல்ஃபாவாகிவிட்டன. மனிதக் கருவின் மஞ்சள் செல்லைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. நியூரோஜெனின்3 முடுக்கிவிடப்படுவது சீக்கிரமாகிவிடாமல், என்கேஎக்ஸ்6.1 என்ற மரபணு முதலில் நிலைபெறும்படி படிகளை ஒழுங்குசெய்த பிறகு, 2014இல் மெல்டன் குழுவும் வேறொரு குழுவும் சர்க்கரைக்குப் பதில் சொல்லும் பீட்டா செல்களைச் செய்துவிட்டன.

அந்தத் தட்டிலும் எதிர்பாராத ஒரு செல் இருந்தது. 2019இல் மெல்டன் குழு ஒவ்வொரு செல்லாகப் பிரித்து அதன் ஆர்என்ஏவைப் படித்தபோது, செரடோனின் என்ற சமிக்ஞைப் பொருளைச் செய்யும் செல்கள் ஏராளமாகத் தென்பட்டன. இவை குடல்சுவரில் இருக்கும் என்டெரோகுரோமாஃபின் என்ற செல்லை ஒத்தவை. குடலும் கணையமும் ஒரே சுவரின் பிள்ளைகள் என்பதை நினைத்துப் பார்த்தால், வழி கொஞ்சம் பிசகிய செல் குடலின் பக்கம் போய்ச் சேர்வது இயல்புதான். அந்தக் குழுவினர் பீட்டா செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சிடி49ஏ என்ற புரதத்தைப் பிடித்து, பீட்டாவைத் தனியே பிரித்தெடுக்கும் முறையையும் அதே ஆய்வில் தந்தார்கள்.

இந்த வழியில் செய்த திட்டுகளை முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களின் கல்லீரலுக்குள், குடலிலிருந்து அங்கே இரத்தம் கொண்டுபோகும் வாயிற்சிரை வழியாகச் செலுத்திப் பார்த்த சோதனையின் முடிவு 2025இல் வெளியானது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு கழித்து இன்சுலின் ஊசி போடாமலே இருந்தார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி புதிய செல்களை அழித்துவிடாமல் இருக்க அதை அடக்கும் மாத்திரைகளை அவர்கள் தொடர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கருவில் முதுகுப்பக்கமும் வயிற்றுப்பக்கமும் முளைத்துக் குடலின் அண்டையில் வளரவேண்டிய செல்கள், இப்போது அவர்களுடைய கல்லீரலில் உட்கார்ந்து இரத்தத்தின் சர்க்கரையை அளந்துகொண்டிருக்கின்றன.